பகிடிவதை என்னும் சொல்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இச்சங்கத்தின் வாசிகசாலையிலே பாயில் இருந்து பத்திரிகை வாசித்துப் பழகிய எம்மை, இன்று அதே சங்கத்தின் மேடையிலே பேசுமாறு பணித்த பெரியோர்களுக்கு எமது நன்றி உரியது. “பல்கலைக்கழகத்திலே படிக்கிற பிள்ளை, ஏதேனும் நல்ல விடயம் பேசட்டும்” என்று செயலாளர் அவர்கள் கேட்டார்கள். நல்ல விடயங்களைப் பேசுதற்கு எம்மிலும் மூத்தோரும் கற்றோரும் இம்மேடையிலே பலர் இருக்கின்றனர். ஆதலால், நாம் நேரே கண்டும் அனுபவித்தும் அறிந்த ஒரு தீய விடயத்தைப் பற்றிப் பேசுதற்கு அனுமதி வேண்டினோம். அவரும் சற்றே தயங்கிப் பின் இசைந்தார். அவ்விடயம் ஒரேயொரு சொல்லினுள் அடங்கியிருக்கின்றது. பகிடிவதை என்பதே அச்சொல்.

நம் ஊரிலிருந்து பல்கலைக்கழகத்திற்குச் செல்லும் பிள்ளைகளின் வீடுகளிலே, பெட்டி அடுக்கும் நாள் முதற்கொண்டு இச்சொல் புழங்கத் தொடங்குகின்றது. தாய்மார் அதனைத் தாழ்ந்த குரலிலே சொல்லுகின்றனர். தந்தைமார் சிரித்துக்கொண்டு சொல்லுகின்றனர். பத்திரிகைகள் பெரிய எழுத்திலே அச்சிடுகின்றன. எல்லாரும் அறிந்த சொல்தான். ஆயினும் அதன் பொருளை நாம் நின்று நிதானித்து ஆராய்ந்ததுண்டா? ஒரு சொல்லை ஆராய்வதாற் பயன் என்ன என்று வினவுவோரும் உளர். ஒரு செயலுக்கு நாம் எப்பெயரை இடுகின்றோமோ, அப்பெயருக்கேற்பவே அதனைப் பொறுத்துக்கொள்கின்றோம் என்பது எமது எண்ணம். களவைக் கைம்மாற்று என்று அழைக்கப் பழகிவிட்ட வீட்டிலே கள்வனைப் பிடித்தல் அரிது.

முதலிலே பகிடி என்பதை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தார் பகடி என்பதை ஈழத்திலே நாம் பகிடி என்கின்றோம். நகைச்சுவை, வேடிக்கை, பரிகாசம் என்றெல்லாம் இதற்குப் பொருள் கூறலாம். நம் மக்கள் மிக விரும்பிப் பயிலும் சொற்களுள் இதுவும் ஒன்று. பந்தியிலே பரிமாறுகிறவர் பகிடி விடுகின்றார். கல்யாண வீட்டிலே மச்சான்மார் மாப்பிள்ளைக்குப் பகிடி விடுகின்றனர். பேரனும் பாட்டனும் திண்ணையிலிருந்து ஒருவருக்கொருவர் பகிடி விடுகின்றனர். பகிடி இல்லாத ஊரிலே குடியிருத்தல் கடினம்.

ஆனால், இச்சொல்லோடு நாம் சேர்க்கும் வினைச்சொற்களைக் கவனியுங்கள். பகிடி விடுதல் என்பது ஒன்று. பகிடி பண்ணுதல் என்பது மற்றொன்று. பகிடி விடுதற்கு எதிரே கேட்டுச் சிரிக்க ஆள் இருந்தாற் போதும். பகிடி பண்ணுதற்கோ செயப்படுபொருளாக ஓர் ஆள் வேண்டும். “அவன் பகிடி விடுகிறான்” என்றால் நாம் மகிழ்கின்றோம். “அவன் என்னைப் பகிடி பண்ணுகிறான்” என்று சிறு குழந்தை அழுதுகொண்டு வந்தால் நாம் எழுந்து போய் விசாரிக்கின்றோம். இலக்கணம் கல்லாத குழந்தைக்கும் இவ்விரண்டு வினைகளின் வேறுபாடு தெரிந்திருக்கின்றது. இரண்டாம் வேற்றுமை உருபு எவன்மேல் வந்து விழுகின்றதோ, நோவும் அவன்மேலேயே விழுகின்றது.

பகிடிக்கு இனமான சொற்களும் நம் பேச்சிலே நிரம்ப உள்ளன. நக்கல், நளினம், நையாண்டி, கேலி, கிண்டல், சொட்டை, சேட்டை, பட்டம் தெளித்தல் எனப் பலவாறாக அவை விரியும். தமிழகத்திலே நளினம் என்றால் மென்மையும் அழகும் ஆம், யாழ்ப்பாணத்திலோ “என்னோடை நளினமோ?” என்றால் எள்ளல் ஆம். இத்தனை சொற்கள் ஒரு சமுதாயத்திலே வழங்குமாயின் அச்சமுதாயம் சிரிக்கத் தெரிந்தது என்றும் கொள்ளலாம். பிறரை நோகச் செய்யத் தெரிந்தது என்றும் கொள்ளலாம்.

இனி வதை என்னும் சொல்லுக்கு வருவோம். இது வடமொழி வதம் என்பதோடு தொடர்புடையது. நம் கோயில்களிலே கந்தபுராணப் படிப்புக் கேட்டு வளர்ந்த உங்களுக்கு இச்சொல் புதிதன்று. சூரபன்மன் வதைப் படலம் என்கின்றோம். இராமாயணத்திலே வாலி வதை, கரன் வதை, இராவணன் வதை என்று படலங்கள் உள்ளன. அங்கெல்லாம் வதை என்பதற்குக் கொலை என்பதே பொருள். பேச்சு வழக்கிலே அப்பொருள் சற்றுத் தேய்ந்து, கொல்லாமற் கொல்லுதல், அதாவது உயிரோடு வைத்துத் துன்புறுத்தல் என்னும் பொருளிலே நின்றுவிட்டது. “மாட்டை வதையாதே” என்கின்றோம். சித்திரவதை என்கின்றோம்.

ஆகவே, நாம் எடுத்துக்கொண்ட சொல்லின் முற்பாதி சிரிக்கின்றது, பிற்பாதி கொல்லுகின்றது. இவ்விரண்டும் எவ்வாறு ஒரு சொல்லாயின?

மிஷன் பாடசாலையொன்றிலே பயின்ற எமக்கு இவ்விடத்திலே ஒரு காட்சி நினைவிற்கு வருகின்றது. இயேசுநாதரைச் சிலுவையில் அறைதற்கு முன்னர் உரோமப் போர்வீரர்கள் அவரைச் சூழ்ந்து நின்றனர். அரச உடை போல ஓர் ஆடையைப் போர்த்தினர். முள்ளினாலே முடி செய்து தலையில் வைத்தனர். செங்கோலென ஒரு நாணற்கோலைக் கையிலே கொடுத்தனர். பின்னர் முழந்தாளிட்டு, அரசே வாழ்க என்று கூறிச் சிரித்தனர். வேத பாட வகுப்பிலே இதனைக் கேட்டபொழுது எமக்கு வயது பன்னிரண்டு. சிலுவையில் அறைந்தது கொடுமை. அதற்கு முன்னர் எதற்காக இந்த நாடகம் என்று அன்று எமக்கு விளங்கவில்லை. பல்கலைக்கழக விடுதிக்குச் சென்ற முதல் வாரத்திலே நன்றாக விளங்கிற்று. அடிக்கிறவனுக்குத் தான் அடிக்கிறேன் என்ற எண்ணம் தோன்றாதிருத்தற்கு ஒரு சிரிப்புத் தேவைப்படுகின்றது. பகிடியும் வதையும் சேர்ந்து நிற்பதன் காரணம் அதுவே.

ஆங்கிலத்திலே இச்செயலை ராகிங் என்பர். தமிழகத்தார் அச்சொல்லையே பெரும்பாலும் வழங்குகின்றனர். சிங்கள மொழியிலே ‘நவக வதய’ என்பர்; புதிதாய் வந்தவருக்கு இழைக்கும் வதை என்பது அதன் பொருள். இரு மொழிகளுக்கும் வதை பொதுவாயிருக்கின்றது. ஆனால் முன்னே நிற்கும் சொல் வேறுபடுகின்றது. சிங்களச் சொல்லிலே முன்னே நிற்கிறவன் துன்பப்படுகிறவன். தமிழ்ச் சொல்லிலே முன்னே நிற்பது துன்பம் செய்கிறவனுடைய சாக்கு. “பகிடிக்குத்தானே செய்தோம்” என்பதை நாம் சொல்லின் தலையிலேயே எழுதி வைத்துவிட்டோம். இச்சொல்லை ஆக்கியவர் இதனை எண்ணி ஆக்கினார் என்று நாம் கூறவரவில்லை. வதை என்று பின்னாலே சேர்த்தமையால், அவர் உண்மையை அறிந்தவர் என்பதும் விளங்குகின்றது. ஆயினும் விடுதிகளிலே இச்சொல் வழங்கும் முறையைப் பாருங்கள். அங்கே வதை என்னும் பிற்பாதி உதிர்ந்து போகின்றது. பகிடி என்பது மாத்திரமே எஞ்சுகின்றது. முதல் வாரம் அம்மா தொலைபேசியிலே கேட்பார்: “என்ன தம்பி, பகிடிவதை ஏதும் இருக்கோ?” பிள்ளை கூறுவான்: “இல்லையம்மா, சும்மா பகிடிதான்.” அந்த மறுமொழியை நாமும் கூறியிருக்கின்றோம். கூறும்பொழுது முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

இனி, தொகைநிலைத் தொடராகக் கொண்டு இதனை விரித்துப் பார்ப்போம். பகிடியும் வதையும் என உம்மைத்தொகையாக விரிக்கலாம். அப்பொழுது இரண்டும் சமமாகின்றன. பகிடியாகிய வதை எனப் பண்புத்தொகையாக விரிக்கலாம். அப்பொழுது பகிடியே வதையாகின்றது. பகிடியால் வதை என மூன்றாம் வேற்றுமைத் தொகையாக விரிக்கலாம். அப்பொழுது பகிடி ஓர் ஆயுதமாகின்றது. பகிடிக்கு வதை என நான்காம் வேற்றுமை கொடுத்து விரித்தால், வேடிக்கையின் பொருட்டுச் செய்யும் வதை என்றாகும். செய்கிறவன் எப்பொழுதும் இந்நான்காம் வேற்றுமையிலேயே நிற்கின்றான். “பகிடிக்கு” என்பதே அவன் கட்சி. துன்பப்படுகிறவனோ மூன்றாம் வேற்றுமையிலே நிற்கின்றான். “பகிடியால்” என்பது அவன் முறையீடு. ஒரே சொல், உருபு ஒன்று மாறினால் நீதிபதியின் தீர்ப்பும் மாறிவிடுகின்றது.

இவ்விரு கட்சியுள் எதனைச் சட்டம் ஏற்றுக்கொள்கின்றது? இலங்கைப் பாராளுமன்றம் 1998ஆம் ஆண்டிலே 20ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. கல்வி நிறுவனங்களிலே பகிடிவதையையும் ஏனைய வன்செயல்களையும் தடைசெய்யும் சட்டம் அது. அதிலே தரப்பட்ட வரைவிலக்கணத்தை நாம் படித்தபொழுது வியப்புற்றோம். ஒரு மாணவருக்கோ பணியாளருக்கோ உடலூறு அல்லது உளவூறு, மனவேதனை, அச்சம் என்பவற்றை உண்டாக்கும் அல்லது உண்டாக்கக்கூடிய எச்செயலும் பகிடிவதை என்று அது கூறுகின்றது. அங்கே வேடிக்கை என்ற பேச்சே இல்லை. செய்தவன் சிரித்தானா, எதற்காகச் செய்தான் என்று அது கேட்கவில்லை. பட்டவனுக்கு என்ன நேர்ந்தது என்றே கேட்கின்றது. நான்காம் வேற்றுமையைச் சட்டம் தள்ளிவிட்டது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் இரண்டு ஆண்டு வரை கடூழியச் சிறைத் தண்டனை விதிக்கலாம். பாரிய காயம் விளைவித்தாலோ பாலியல் தொல்லை செய்தாலோ அது பத்து ஆண்டு வரை நீளலாம்.

இத்துணைக் கடுமை எதற்கு என்று கேட்பீர்களாயின், வதை என்பதன் பழம்பொருள் இந்நாட்டிலே மீண்டும் மெய்யாகிவிட்டமையே காரணம். 1975இலே பேராதனையிலே மாணவி ஒருவர் பகிடிவதைக்கு அஞ்சி விடுதியின் மேல்மாடியிலிருந்து குதித்தார். நடக்கும் ஆற்றலை இழந்தார். 2002இலே தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். 1997இலே அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர் ஒருவர், கடுமையான உடற்பயிற்சிகளைச் செய்யுமாறு வருத்தப்பட்ட பின்னர், சிறுநீரகம் செயலிழந்து உயிர் துறந்தார். சட்டம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டிலேதான். சட்டம் வந்த பின்னரும், 2002இலே ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்திலே, பகிடிவதையை எதிர்த்த மாணவர் ஒருவர், அதனைப் பற்றிப் பேசித் தீர்ப்பதற்காகக் கூடிய கூட்டத்திலேயே தாக்கப்பட்டு இறந்தார். இவர்களுடைய பெற்றோரிடம் சென்று எவரேனும் பகிடி என்ற சொல்லை உச்சரிக்கத் துணிவாரா?

அன்பர்களே, இவை பெருங்கொடுமைகள். எம் விடுதியிலே நடப்பவை இத்தகையன அல்லவே என்று எமது நண்பர் பலர் கூறுவர். அதுவும் உண்மையே. ஆதலால், பெருங்கொடுமையை விட்டு, எவருடைய எலும்பும் முறியாத, எவரும் முறையிடாத ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லப்போகின்றோம். அதிலே எமக்கும் பங்குண்டு.

நாம் முதலாம் வருடத்திலே விடுதிக்குச் சென்ற நான்காம் நாள் இரவு, புதியவர் எண்மரை ஓர் அறையிலே வரிசையாக நிறுத்தினர். எம்மிலும் ஓராண்டே மூத்தவர்களை அண்ணா என்று அழைக்க வேண்டும் என்பது கட்டளை. ஒருவர் தீக்குச்சியைக் கொடுத்து விறாந்தையின் நீளத்தை அளக்கச் சொன்னார். மற்றொருவர் மின்விளக்கை ஊதி அணைக்கச் சொன்னார். இவற்றுக்கு நாமும் சிரித்தோம். அதன்பின் ஓர் அண்ணா ஒவ்வொருவரிடமும், தகப்பனார் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்டு, அத்தொழிலை நடித்துக் காட்டுமாறு பணித்தார். ஆசிரியரின் மகன் பாடம் நடத்தினான். கடைக்காரரின் மகன் நிறுத்துக் கொடுத்தான். எமக்கு அடுத்து நின்றவர் சற்றுப் பேசாது நின்றார். பின்னர், “பனை ஏறுறவர்” என்றார்.

அறையிலே ஒரு கணம் அமைதி நிலவியது. அவ்வமைதியின் பொருளை இச்சபையிலே நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலே பிறந்தவர்களுக்கு அது தெரியும். பின்னர் எவரோ துவாய் ஒன்றை முறுக்கித் தளநாராகக் காலிலே மாட்டினர். விறாந்தைத் தூணிலே ஏறச் சொன்னார்கள். அவர் ஏறினார். வழுக்கினார். மறுபடியும் ஏறினார். அறைகளிலிருந்து எல்லாரும் வெளியே வந்து சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். தூணிலே நின்றவரும் சிரித்தார்.

அவர் எமது அறைத் தோழரானார். ஓராண்டு முழுவதும் ஒன்றாக உண்டோம், ஒன்றாகப் படித்தோம், காய்ச்சல் கண்டபொழுது ஒருவருக்கொருவர் கஞ்சி வைத்தோம். அந்த இரவைப் பற்றி அவர் ஒரு சொல்லேனும் கூறவில்லை. அதனை அவர் மறந்துவிட்டார் என்றே நாம் எண்ணினோம்.

மறு வருடம் புதியவர்கள் வந்தார்கள். இப்பொழுது நாம் அண்ணாமார். ஒருநாள் மாலை, சிறுவனைப் போன்ற ஒரு தம்பியை எமது அறைக்கு அழைத்து வந்தார்கள். தண்ணீர் குடிக்கக் கேட்டான், கொடுத்தோம். பெயரைக் கேட்டோம், ஊரைக் கேட்டோம். அடுத்து எமது நாவிலே தானாகவே ஒரு கேள்வி வந்தது: “அப்பாவுக்கு என்ன வேலை?” எவரையும் நோகச் செய்யும் நோக்கம் எமக்கு இருக்கவில்லை. அதுவரை கேட்டுப் பழகிய கேள்வியையே கேட்டோம். கட்டிலிலே இருந்து படித்துக்கொண்டிருந்த நண்பர் புத்தகத்தை மூடினார். எம்மைப் பார்க்கவுமில்லை. எழுந்து வெளியே போய்விட்டார். அன்றிரவு அவர் அறைக்குத் திரும்பவில்லை. வாசிகசாலை மூடும்வரை அங்கிருந்து, பின் வேறொருவருடைய அறையிலே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்.

ஓராண்டுக்கு முன்னர் அவர் தூணிலே நின்று சிரித்த சிரிப்பின் பொருள் அப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே நகை பிறக்கும் நிலைக்களன்களை நான்காக வகுத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அவை. விடுதிக்கு வரும் புதியவனை நினைத்துப் பாருங்கள். இளமை அவனிடம் உண்டு; இடம் புதிதாகையாற் பேதைமை உண்டு; சொன்னதை நம்பும் மடமும் உண்டு. நாம் சேர்க்க வேண்டியது எள்ளல் ஒன்றுதான். இவ்வெள்ளலைப் பற்றிப் பேராசிரியர் என்னும் உரைகாரர் நுட்பமாக ஒன்றை உரைத்துள்ளார். பிறரை எள்ளித் தான் நகுதலும் உண்டு; பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்துத் தானே நகுதலும் உண்டு என்பது அவர் கருத்து. “அவனும் சிரித்தானே” என்று நாம் சொல்லும் சமாதானம் எத்துணைப் பழையதென்பதை நோக்குங்கள். எள்ளப்பட்டவனும் சிரிப்பான், அதனால் எள்ளல் இல்லையென்று ஆகிவிடாது. சிரிக்காவிட்டால் இன்னும் நேரும் என்று அஞ்சிச் சிரிக்கின்றான். அழுதால் தந்தையை இகழ்ந்தோரிடம் தோற்றதாகும் என்று எண்ணிச் சிரிக்கின்றான்.

மறதியைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். இராமன் சிறுவனாயிருந்த காலத்திலே வில்லினால் மண்ணுருண்டை எய்து கூனியின் முதுகிலே பட வைத்தான் என்பது கம்பர் காட்டும் கதை. இராமன் மறந்தான், அயோத்தி மறந்தது. கூனி மறக்கவில்லை. முடிசூட்டு விழாவுக்கு முன்னாள் அவள் நெஞ்சிலே எழுந்தது அந்த மண்ணுருண்டைதான். கூனி செய்தது நன்றென்று எவரும் சொல்லார். ஆயினும் எறிந்தவனுக்கு விளையாட்டு, பட்டவளுக்கு ஆயுள் முழுதும் நினைவு என்பதனைக் கம்பர் மறைக்காது சொல்லிவிட்டார். தம் காவிய நாயகனுக்காகவும் அதனைப் பகிடி என்று தள்ளிவிடவில்லை.

பகிடிவதைக்குச் சார்பாகச் சொல்லப்படும் நியாயங்களையும் நேர்மையாக நோக்குதல் நம் கடன். “பகிடிவதை ஒற்றுமையை வளர்க்கின்றது, பணக்காரனையும் ஏழையையும், நகரத்தானையும் கிராமத்தானையும் ஒரே நிலைக்குக் கொண்டுவருகின்றது” என்பர். இதிலே சிறிது உண்மை இருப்பது போலத் தோன்றும். பெரிய கல்லூரியிலே படித்துச் சரளமாக ஆங்கிலம் பேசுகிறவனும், மண்ணெண்ணெய் விளக்கிலே படித்து வந்தவனும் ஒரே விரிவுரை மண்டபத்துக்குள் நுழைகின்றனர் என்பது மெய்தான். ஆனால் எல்லாரையும் ஒரே வரிசையிலே முழந்தாளிட வைப்பதனால் உயர்வு தாழ்வு நீங்கிற்றா? எமது கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். எண்மரும் தத்தம் தகப்பன்மாரின் தொழிலை நடித்தோம், வேறுபாடு இல்லை. ஆசிரியரின் மகன் நடித்தபொழுது எழுந்த சிரிப்பும், பனையேறுபவரின் மகன் நடித்தபொழுது எழுந்த சிரிப்பும் ஒன்றா? ஊரிலே எந்த ஏற்றத்தாழ்வை விட்டுப் பல்கலைக்கழகத்திற்குப் போனோமோ, அதனைப் பகிடி என்னும் பையிலே மறைத்து விடுதிக்குள்ளும் கொண்டு சென்றோம். நேரே சொன்னால் வெட்கமும் குற்றமுமாகும் ஒன்றை, பகிடியாகச் சொன்னால் எவரும் தட்டிக் கேட்பதில்லை.

“எமக்கும் செய்தார்கள், நாமும் செய்தோம்” என்பது இன்னொரு நியாயம். இதற்கு விடை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. இன்னாசெய்யாமை அதிகாரத்திலே வள்ளுவர் ஒரு கேள்வி கேட்கின்றார். தனக்கு எது துன்பம் என்று அனுபவித்து அறிந்த ஒருவன், அதனையே பிற உயிர்களுக்குச் செய்வது எதனாலோ என்கின்றார். அவர் விடை கூறவில்லை. விடுதியிலே இரண்டாம் வருடத்திலே இருந்த எம்மை நோக்கியே அக்கேள்வி கேட்கப்பட்டது போலத் தோன்றுகின்றது. அறியாதவன் செய்தாற் பொறுக்கலாம். பட்டறிந்தவன் செய்வதற்கு என்ன பெயர்? பண்புடைமை அதிகாரத்திலே, விளையாட்டாகச் செய்யினும் இகழ்ச்சி துன்பமே தரும் என்றும் அவரே உரைத்துள்ளார். பகிடிவதை என்னும் சொல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே அதன் பொருள் நமக்குச் சொல்லப்பட்டிருக்கின்றது.

மறுநாட் காலை நாம் நண்பரைத் தேடிச் சென்றோம். மன்னிப்புக் கேட்டல் எளிதாயிருக்கவில்லை. எதற்கு மன்னிப்பு, நேற்றுக் கேட்ட கேள்விக்கா, ஓராண்டுக்கு முன்னர் சிரித்த சிரிப்புக்கா என்று அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போமோ தெரியாது. அவர் அதனைக் கேட்கவில்லை. தேநீர் வாங்கித் தந்தார். நெடுநேரத்தின் பின்னர், “அப்பா அண்டைக்கு இரவு எனக்குப் போன் எடுத்தவர். பகிடி பண்ணுறாங்களோ எண்டு கேட்டவர். இல்லையெண்டு சொன்னனான்” என்று மாத்திரம் கூறினார். இச்சொற்பொழிவை எழுதுமுன் அவரிடம் அனுமதி கேட்டோம். “சொல்லு மச்சான். ஆனால் பகிடியாச் சொல்லிப்போடாதை” என்றார்.

அதன்பின் வந்த வருடத்திலே, புதியவர்கள் வரும் நாளன்று அவரும் நாமும் இன்னும் மூவரும் பஸ் தரிப்பிடத்திற்குச் சென்று நின்றோம். பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்தோம். விடுதியிலே எக்குழாயிலே தண்ணீர் வரும், எக்கடையிலே சோறு மலிவு, எவ்விரிவுரைக்கு முன்வாங்கிலே இருக்க வேண்டும் என்பவற்றைச் சொல்லிக் கொடுத்தோம். இது பெருஞ்செயல் அன்று. எம்மை எள்ளியோரும் உண்டு. ஆயினும் அன்று பெட்டி தூக்கிக் கொடுத்த தம்பிமார் இன்றும் எம்மை அண்ணா என்கின்றனர். அவ்வாறு அழைக்குமாறு எவரும் அவர்களுக்குக் கட்டளையிடவில்லை.

பகிடிவதை என்னும் தொகையை விரித்தபொழுது நாம் ஒன்றைச் சொல்லாது விட்டோம். பகிடியை வதை என இரண்டாம் வேற்றுமை கொடுத்தும் அதனை விரிக்கலாம். அப்பொழுது வதைக்கப்படுவது பகிடியே ஆகும். எமது நண்பர் ஊரிலே நல்ல பகிடிக்காரராம்; அவருடைய தங்கையார் சொல்லியறிந்தோம். விடுதியிலே இரண்டு ஆண்டு அவர் பகிடி விட்டதை நாம் கேட்டதில்லை.

தாய்மார்களே, தந்தைமார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை முதல் வாரத்திலே தொலைபேசியில் “சும்மா பகிடிதான்” என்று கூறினால், அம்மறுமொழியோடு நின்றுவிடாதீர்கள். சாப்பிட்டாயா, நித்திரை கொண்டாயா, யாரோடு இருக்கிறாய் என்று மேலும் நான்கு கேள்வி கேளுங்கள். “நாங்களும் பட்டுத்தான் வந்தோம்” என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளை அதன்பின் வாய் திறவான். இவ்வாண்டு பல்கலைக்கழகம் செல்லும் தம்பி தங்கையரே, வதையை வதை என்றே சொல்லுங்கள். முறையிடுதல் கோழைத்தனம் அன்று. சட்டம் உங்கள் பக்கத்திலே நிற்கின்றது. இறுதியாக, எம்மைப் போல ஏற்கெனவே அங்கிருக்கும் சகோதரர்களே, தண்டிக்கும் அதிகாரம் எவருக்கு உண்டோ அவர்களை எதிர்பார்த்திருத்தல் நமக்கு அழகன்று. கேள்வி கேட்கும் இடத்திலே இன்று நாம்தான் இருக்கின்றோம். அக்கேள்வியை மாற்றுதல் நம்மால் இயலும். புதிதாக வருகிறவனிடம் தகப்பனார் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்பதை விடுத்து, சாப்பிட்டாயா என்று கேட்போம்.